எஞ்சின் மாத்துன பழைய ஜீப்: என்ன தொந்தரவு வந்தா எங்க பாக்கணும்

பாண்டி, கடலூர் பக்கம் பழைய சிஜே 3பி மாடல் ஜீப்ப தூசி தட்டி எடுத்து ரெடி பண்றவங்க நிறைய பேர் இருக்காங்க. பெட்ரோல் ஹரிக்கேன் எஞ்சின கழட்டி ஓரமா வச்சிட்டு மஹிந்திரா டிஐ டீசல் எஞ்சின ஏத்துறாங்க, சில பேர் பியூஜோ, சில பேர் டொயோட்டா 2சி, எல்லாமே டீசல் தான். ஏத்தி முடிச்சு முதல் ரவுண்டு போயிட்டு வந்ததுமே ஏதாவது ஒண்ணு கிளம்பும், ஒண்ணு ஹீட் ஆகும், இல்ல பாதி வழியில நிக்கும், இல்ல கியர் விழாது. உடனே பட்டறையில நாலு பேர் கூடி "எஞ்சின் சரியில்ல, வித்தவன் தலையில கட்டிட்டான், பிரிச்சிடலாம்"னு ஆரம்பிச்சிடுவாங்க.

தயவு செஞ்சு பிரிக்காதீங்க. எஞ்சின் மாத்துன வண்டியில வர்ற தொந்தரவு பெரும்பாலும் எஞ்சினுக்குள்ள இருக்காது, பழசும் புதுசும் சேர்ற எடத்துல தான் இருக்கும். எஞ்சின் இன்னொரு வண்டியில நல்லா ஓடுனது தான், கியர் பாக்ஸும் நல்லா ஓடுனது தான், ஆனா ரெண்டையும் கோத்த அடாப்டர் பிளேட்டு, மவுண்டிங், எர்த் ஒயரு, டீசல் லைன், ரேடியேட்டர் ஹோஸ், கிளட்ச் லிங்கேஜ், புரொப்பல்லர் ஷாஃப்ட், இதெல்லாம் நம்ம ஊரு லேத்துலயும் வெல்டிங் கடையிலயும் கையால செஞ்சது, எந்த கம்பெனியும் டெஸ்ட் பண்ணி குடுத்தது கிடையாது. அதனால அங்கேருந்து தான் ஆரம்பிக்கணும்.

கையில ஒரு மல்டிமீட்டர், ஒரு மீட்டர் டிரான்ஸ்பரன்ட் ஹோஸ், செல்போன்ல சாய்மானம் பாக்குற ஆப் (app), இந்த மூணும் இருந்தா பாதி வேலை முடிஞ்சிடும்.

சாவி திருப்புனா "டக்" சத்தம் மட்டும், இல்லன்னா செல்ஃப் இழுத்து இழுத்து சுத்துது

எல்லாரும் பேட்டரிய தான் மாத்துவாங்க. பேட்டரி சின்னதா இருக்கவும் வாய்ப்பு உண்டு, ஏன்னா ஹரிக்கேன் எஞ்சினோட கம்ப்ரஷன் 7-க்கு 1 பக்கம் தான், டிஐ டீசல்ல அது 17, 18 வரும், பியூஜோ மாதிரி ப்ரீ சேம்பர் எஞ்சின்னா 20-ஐயும் தாண்டும், பெட்ரோல் ஜீப்புக்கு போதுமா இருந்த பேட்டரியும் கேபிளும் இதுக்கு பத்தாது. ஆனா புது பெரிய பேட்டரி போட்டும் அதே கதையா இருந்தா எர்த்த பாருங்க.

நம்ம கரையோரத்துல இது ரொம்ப சகஜம். உப்புக் காத்து ஒரு பக்கம், இன்னொரு பக்கம் சேஸிஸ்க்கு ரெட் ஆக்சைடு அடிச்சு அதுக்கு மேல கறுப்பு பெயிண்ட் அடிச்சு, அந்த பெயிண்ட்டு மேலயே எர்த் போல்ட்ட முறுக்கி விட்டிருப்பாங்க. இன்னொரு விஷயம், எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல உக்காந்திருக்கு, ரப்பர்ல கரன்ட் போகாது, அதனால பேட்டரி மைனஸ சேஸிஸ்ல கட்டுனா மட்டும் பத்தாது, சேஸிஸ்லேருந்து எஞ்சினுக்கு தனியா ஒரு தடி எர்த் ஸ்ட்ராப் போகணும். அது இல்லன்னா செல்ஃபுக்கு தேவையான கரன்ட் கிடைச்ச வழியில வீடு திரும்பும், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியா, எஞ்சின அணைக்கற ஸ்டாப் கேபிள் வழியா. செல்ஃப் அடிச்சதும் ஆக்சிலரேட்டர் கேபிள தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா சந்தேகமே வேணாம். முதலியார்பேட்டையில ஒரு தம்பியோட ஜீப்புல ஸ்டாப் கேபிளோட பிளாஸ்டிக் உறையே உருகி டேஷ்போர்டுல ஒட்டியிருந்தது, அவரு அது வரைக்கும் ரெண்டு செல்ஃப் மோட்டார் மாத்தியிருந்தாரு.

சரியா தெரிஞ்சுக்க இப்படி பண்ணுங்க. ஸ்டாப் கேபிள இழுத்து வச்சிடுங்க, எஞ்சின் ஸ்டார்ட் ஆகக் கூடாது. மல்டிமீட்டர டிசி வோல்ட்ல வச்சு கறுப்பு ஒயர பேட்டரி மைனஸ் ஈயக் குமிழ் மேலயே வைங்க, கிளாம்ப்பு மேல வைக்காதீங்க. செவப்பு ஒயர எஞ்சின் பிளாக்குல பெயிண்ட் சுரண்டின எடத்துல வைங்க. இப்ப ஒருத்தர செல்ஃப் அடிக்க சொல்லுங்க. 0.2, 0.3 வோல்ட் காட்டுனா எர்த் நல்லா இருக்கு. 0.5-க்கு மேல போனா எர்த்துல தான் கோளாறு. அதே மாதிரி பேட்டரி பிளஸ் குமிழ்லேருந்து செல்ஃபோட பெரிய போல்ட் வரைக்கும் பாருங்க. ரெண்டு பக்கமும் சுத்தமா இருந்தும் மெதுவா சுத்துதுன்னா அப்ப தான் செல்ஃப கழட்டணும். எர்த் போல்ட் போடும்போது இரும்பு பளபளன்னு தெரியுற வரைக்கும் சுரண்டி, முறுக்குனதுக்கு அப்புறம் மேல கிரீஸ் தடவுங்க, நம்ம காத்துக்கு கிரீஸ் இல்லாம ஒரு மழைக்காலம் கூட தாங்காது.

செல்ஃப் "விர்ர்"னு தனியா சுத்துது இல்ல ஃபிளைவீல் பல்லு ரிங்ல கரகரன்னு கடிக்குதுன்னா அது அடாப்டர் பிளேட்டோட கனம். பிளேட்டு கனத்துக்கு ஏத்த மாதிரி செல்ஃப் உள்ள தள்ளியோ வெளிய தள்ளியோ உக்காந்திருக்கும். ஷிம் (மெல்லிசான தகடு) வச்சு சரி பண்ணலாம், ரிங் பல்லு தேயறதுக்குள்ள பண்ணிடுங்க.

செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா ஸ்டார்ட் ஆகல. இல்ல ஸ்டார்ட் ஆகி கொஞ்ச தூரத்துல அணைஞ்சிடுது

முதல்ல சின்ன விஷயம். டீசல் பம்ப் ரோட்டரி வகைன்னா அது மேல ஒரு ஸ்டாப் சாலினாய்டு இருக்கும், அதுக்கு சாவி ஆன்ல இருக்கும்போது 12 வோல்ட் வரணும், வரலன்னா டீசல் உள்ளயே போகாது. பழைய ஜீப் ஒயரிங்ல அந்த லைனே கிடையாது, நாம தான் இழுக்கணும், நிறைய பேர் மறந்துடுறாங்க. சாவிய ஆன் பண்ணா பம்ப்புல "டிக்"னு கேக்கணும். இன்லைன் பம்ப்புன்னா ஸ்டாப் கேபிள் முழுசா திரும்பி வருதான்னு பாருங்க. பியூஜோவும் 2சியும் ஹீட்டர் பிளக் இல்லாம மார்கழி காலையில எழுந்திருக்காது, அந்த ரிலேவ சேத்து ஒயர் பண்ணுங்க. டிஐ எஞ்சினுக்கு அது தேவையில்ல.

இதெல்லாம் சரின்னா மிச்சம் காத்து தான். ஏர் எடுக்குறது எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும், ஃபில்டர் மேல உள்ள ஸ்க்ரூ, அப்புறம் பம்ப்பு ஸ்க்ரூ, கடைசியா நாசில் பைப் நட்டு, அந்த வரிசையில. ஏர் எடுத்ததும் ஸ்டார்ட் ஆகும். கன்னியக்கோயில் தாண்டுறதுக்குள்ள திரும்ப அணையும். திரும்ப ஏர் எடுப்பாங்க. இப்படியே ஓட்டிட்டு "நாசில் போச்சு, பம்ப்ப கலிபரேஷனுக்கு குடுக்கணும்"னு முடிவு பண்ணிடுவாங்க, அதுல ஒரு பெரிய தொகை போயிடும்.

காத்து எங்கேருந்து வருதுன்னு தான் கேக்கணும். சிஜே 3பி-யில டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில இருக்கு, பம்ப்பு அங்கேருந்து டீசல உறிஞ்சி எடுக்கணும். உறிஞ்சுற லைன்ல சின்ன ஓட்டை இருந்தா டீசல் வெளிய ஒழுகாது, எளநீர் குடிக்கிற ஸ்ட்ராவுல கீறல் விழுந்தா எப்படி காத்து தான் வாய்க்கு வருமோ அப்படி காத்து தான் உள்ள போகும். அதனால தான் தரைய பாத்துட்டு "லீக்கே இல்லண்ணே"னு சொல்றாங்க.

டிரான்ஸ்பரன்ட் ஹோஸ எடுத்து ஃபில்டருக்கு முன்னாடி ஒரு துண்டு போடுங்க. எஞ்சின் ஓடும்போது உத்துப் பாருங்க, பொடிப் பொடியா குமிழி ஓடுச்சுன்னா டேங்குக்கும் அந்த எடத்துக்கும் நடுவுல ஓட்டை இருக்கு. அப்புறம் ஹோஸ ஒவ்வொரு ஜாயின்ட்டா டேங்க் பக்கமா நகத்திட்டே போங்க, எந்த எடத்துல குமிழி நிக்குதோ அதுக்கு முன்னாடி விட்ட ஜாயின்ட் தான் குற்றவாளி. பெரும்பாலும் பழைய பெட்ரோல் லைனோட பித்தளை நிப்பிள் இல்லன்னா பெட்ரோலுக்கு போட்ட பழைய ரப்பர் ஹோஸ், வெளிய பாத்தா நல்லா இருக்கும், கிளிப்ப எடுத்துட்டு வளைச்சுப் பாத்தா வெடிப்பு தெரியும். காப்பர் வாஷர் ரெண்டாவது தடவ போட்டிருந்தாலும் காத்து வாங்கும், அத புதுசா போடுங்க.

குமிழி இல்ல, ஆனாலும் அணையுது, கொஞ்ச நேரம் நின்னா திரும்ப ஓடுதுன்னா டேங்க் மூடிய கழட்டுங்க. "உஸ்"னு காத்து உள்ள இழுத்துதுன்னா வென்ட் அடைச்சிருக்கு. மூடியில ஒரு சின்ன துவாரம், செம்மண்ணும் பெயிண்டும் சேந்து அடைச்சிருக்கும், அவ்வளவு தான் விஷயம்.

ரிட்டர்ன் லைன் இன்னொரு முக்கியமான எடம். பெட்ரோல் டேங்க்ல ரிட்டர்னுக்கு வழியே கிடையாது, டீசலுக்கு கட்டாயம் வேணும். சில பட்டறையில ரிட்டர்ன திருப்பி ஃபில்டருக்கே குடுத்து முடிச்சிடுறாங்க, வண்டி ஓடும், ஆனா சூடான டீசலும் காத்தும் அதுக்குள்ளயே சுத்திட்டு இருக்கும், மத்தியான வெயில்ல பிக்கப் போயிடும். டேங்க்ல தனியா ஒரு பைப் போட்டு அடி வரைக்கும் இறக்கி விடுங்க. வெல்டிங் வைக்கறதுக்கு முன்னாடி டேங்க கழட்டி வெளிய எடுத்து, நல்லா கழுவி, தண்ணி ரொப்பி வச்சு தான் நெருப்பு பக்கம் கொண்டு போகணும். காலி பெட்ரோல் டேங்க்ல உள்ள ஆவி தான் வெடிக்கும், வருஷக்கணக்கா காலியா கிடந்ததுன்னு நம்பி வெல்டிங் ராடு வைக்க விடாதீங்க. உள்ள துரு இருந்தா மொதல்ல அத எடுங்க, இல்லன்னா ஃபில்டர் மாத்தியே சலிச்சுப் போயிடுவீங்க.

ஹீட் ஆகுது

எப்ப ஹீட் ஆகுதுன்னு கவனிச்சா எங்க கோளாறுன்னு கிட்டத்தட்ட சொல்லிடலாம்.

இந்திரா காந்தி சதுக்கம் சிக்னல்ல நிக்கும்போது ஏறுது, ஈசிஆர்ல போனா இறங்குதுன்னா ரேடியேட்டர் நல்லா தான் இருக்கு, காத்து தான் பத்தல. எஞ்சின் மாத்துனா ஃபேனோட எடம் மாறும், மேல போயிருக்கும், இல்ல ஒரு பக்கமா ஒதுங்கியிருக்கும், இல்ல ரேடியேட்டர விட்டு ஒரு சாண் தள்ளி நிக்கும். ஷ்ரவுடு (ஃபேன சுத்தி வர்ற கூடு) இல்லாம அந்த ஃபேன் சும்மா எஞ்சின் சூட்டையே கலக்கிட்டு இருக்கும். டின் ஷீட்ல ஒரு ஷ்ரவுடு செஞ்சு போடுங்க, ஃபேன் பிளேடு பாதி உள்ள பாதி வெளிய இருக்கணும். டிங்கர் வேலை செய்யற யாரும் அரை நாள்ல செஞ்சிடுவாங்க. ஃபேன திருப்பி மாட்டியிருக்காங்களான்னும் பாருங்க, ஓடும்போது ஒரு காகிதத்த ரேடியேட்டருக்கு முன்னாடி காட்டுனா ஒட்டிக்கணும், தள்ளக் கூடாது.

சிட்டிக்குள்ள ஓகே, ஆனா நீளமா ஓட்டுனா ஏறுதுன்னா தண்ணி ஓட்டம். பழைய கோர்ல பாதி டியூப் அடைச்சிருக்கும், கடலூர் பக்கம் போர் தண்ணி நிறைய எடத்துல உப்பு, வருஷக்கணக்கா அதையே ஊத்துன ரேடியேட்டர் வேற எப்படி இருக்கும். ஓடி வந்து நிறுத்தினதும் கோர்ல மேலேருந்து கீழ கைய வச்சு பாருங்க, ஃபேன் நின்னதுக்கு அப்புறம். நடுநடுவுல ஜில்லுன்னு இருக்கற எடம் அடைப்பு. அடி ஹோஸையும் பாருங்க, ரேஸ் பண்ணும்போது அது உறிஞ்சி சப்பையா போச்சுன்னா உள்ள ஸ்பிரிங் இல்லாத ஹோஸ போட்டிருக்காங்க.

முள்ளு திடீர்னு மேல போயி திடீர்னு கீழ வருதுன்னா ஏர் லாக். இது இந்த மாத்துன ஜீப்புக்கே உரிய பிரச்சனை. எஞ்சினோட தெர்மோஸ்டாட் ஹவுசிங் ரேடியேட்டர் மூடிய விட ஒசரத்துல இருந்தா காத்து எஞ்சின் தலையில தங்கிடும், நீங்க எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் ரேடியேட்டர் தான் ரொம்பும். ஃபயர்வால்ல எல்லாத்தையும் விட மேல ஒரு சின்ன டேங்க் வச்சு, ஹவுசிங்லேருந்து ஒரு மெல்லிசான ஹோஸ அதுக்கு குடுத்து, அங்கேருந்து தான் கூலன்ட் ஊத்தணும். இத பண்ணாம ஹெட் பேக்கிங் மாத்துனவங்க உண்டு, மாத்தியும் அதே ஹீட்.

தெர்மோஸ்டாட்ட கழட்டிப் போடுறது நம்ம ஊரு பழக்கம். "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு"ன்னு ஒரு வார்த்தை. ஆனா பைபாஸ் உள்ள எஞ்சின்ல தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ அடைக்கும், அத எடுத்துட்டா சூடு தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாம எஞ்சினுக்குள்ளயே சுத்தும். அடுப்புல தண்ணிய வச்சு அதுல போட்டுப் பாருங்க, 82 டிகிரி போட்டிருந்தா கொதிக்கறதுக்கு முன்னாடியே திறக்கணும். அதே கொதிக்கற தண்ணியில சென்சாரையும் விட்டு மீட்டர பாருங்க, ஏன்னா பழைய ஜீப் மீட்டரும் புது எஞ்சின் சென்சாரும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகாது, எஞ்சின் சாதாரணமா இருக்கும், முள்ளு மட்டும் செவப்புல நிக்கும்.

குளுந்த எஞ்சின் ஸ்டார்ட் பண்ண ஒரு நிமிஷத்துலயே ஹோஸ் கல்லு மாதிரி இறுகுது, மூடிய திறந்து வச்சு ஓட்டுனா குமிழி விட்டுட்டே இருக்குன்னா மட்டும் தான் ஹெட் பேக்கிங்க சந்தேகப்படணும். மூடிய எஞ்சின் குளுந்து இருக்கும்போது திறங்க, சூட்டுல திறந்தா முகம் வெந்துடும்.

கியர் விழ மாட்டேங்குது, ரிவர்ஸ் போட்டா கர்ர்னு கத்துது

எஞ்சின அணைச்சுட்டு கியர் போட்டுப் பாருங்க. நல்லா விழுது, ஓடும்போது தான் விழலன்னா கியர் பாக்ஸ்ல ஒண்ணும் இல்ல, கிளட்ச் முழுசா விடல. பெடல் தள்ளுற தூரம் புது பிரஷர் பிளேட்டுக்கு பத்தாம இருக்கும். இன்னொண்ணு, பழைய லிங்கேஜ் ஒரு முனை சேஸிஸ்லயும் ஒரு முனை எஞ்சின்லயும் இருக்கு, டீசல் எஞ்சின் ரப்பர் மேல ஆடும்போது கிளட்சும் சேந்து ஆடும், வண்டி எடுக்கும்போது குதிச்சு குதிச்சு போகும். ஹைட்ராலிக் கிளட்ச்சா மாத்திட்டா ரெண்டும் ஒரே அடியில தீரும், என் கணக்குல இந்த ஜீப்புல செய்யற மாத்தத்துலயே அதிக பிரயோஜனமானது இது தான்.

பெடல் தூரம் சரியா இருந்தும் விழலன்னா கிராங்க் முனையில இருக்கற பைலட் புஷ்ஷ பாக்கணும். கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டோட மூக்கு அதுக்குள்ள போதுமான ஆழம் போகணும், டைட்டா பிடிச்சாலும் தப்பு, எட்டாம நின்னாலும் தப்பு. அடாப்டர் பிளேட்ட லேத்துல கடைஞ்சவரு நடுமையம் பாத்தாரான்னு கேளுங்க. டயல் கேஜ ஃபிளைவீல்ல மாட்டி பெல் ஹவுசிங் ஓட்டையோட உள் விளிம்ப சுத்திப் பாத்தா மையம் எவ்வளவு விலகியிருக்குன்னு தெரிஞ்சிடும், 0.2 மில்லிக்குள்ள இருந்தா நிம்மதி. விலகியிருந்தா கிளட்ச் பிளேட்டோட நடு ரிவெட்டு அடிக்கடி போகும், ஓடும்போது கியர் தானா கழண்டுக்கும். கிளட்ச் பிளேட் திரும்பத் திரும்ப போகுதுன்னா பிளேட்டு கம்பெனிய திட்டாதீங்க, மையத்த அளங்க.

அதிருது

நின்ன எடத்துலயே நியூட்ரல்ல ரேஸ் பண்ணுங்க. அங்கேயே அதிர்ந்தா எஞ்சின் பக்கம், மவுண்டிங் ரப்பர் ரொம்ப கெட்டி இல்லன்னா சைலன்சர் பைப் சேஸிஸ்ல முட்டுது. டீசல் ஐடிலிங்ல கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அத நிறுத்தறேன்னு மவுண்டிங்க இரும்போட இரும்பா வெல்டு வச்சா சேஸிஸ்ல வெடிப்பு விடும்.

நின்னா இல்ல, 50-ல வருது, நியூட்ரல்ல உருட்டி விட்டாலும் அதே வேகத்துல வருதுன்னா புரொப்பல்லர் ஷாஃப்ட். சிஜே 3பி-யோட வீல்பேஸே 80 இன்ச் தான், எஞ்சினும் கியர் பாக்ஸும் நீளமாச்சுன்னா பின் ஷாஃப்ட் ரொம்ப குட்டையாயிடும், கோணம் கூடிடும். செல்போன டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்ச் மேல வச்சு சாய்மானத்த பாருங்க, அப்புறம் பின் ஆக்சில் பினியன் ஃபிளாஞ்ச்ல வச்சு பாருங்க. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இணையா, 1 டிகிரி வித்தியாசத்துக்குள்ள இருக்கணும். இல்லன்னா பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல ஆப்பு வச்சு சரி பண்ணலாம்.

ஷாஃப்ட்ட வெட்டி ஒட்டினவங்க ரெண்டு முனை யோக்கும் (கிராஸ பிடிக்கிற கவை) ஒரே நேருல இருக்கான்னு பாக்கணும். ஸ்ப்லைன்ல ஒரு பல்லு மாறி சொருகினாலே போச்சு, யூனிவர்சல் ஜாயின்ட் கிராஸ் எத்தன தடவ மாத்தினாலும் அதிர்வு போகாது. தரையில படுக்க வச்சு பாத்தாலே தெரிஞ்சிடும்.

பள்ளத்துல இறங்கினா முன்னாடி "டங்"னு இடி, ஸ்டியரிங் உதறுது

டீசல் எஞ்சின் கனம். முன் பட்டை அமுங்கியிருக்கும், எஞ்சினோட ஆயில் சம்ப் நேரா முன் டிஃப்ரென்ஷியல் மேல தொங்கும். சம்ப்ல கொஞ்சம் மாவு தடவி விட்டு ஒரு மோசமான ரோட்டுல போயிட்டு வந்து பாருங்க, தடம் பதிஞ்சிருந்தா முட்டுது. அப்படியே விட்டா ஒரு நாள் சம்ப் உடைஞ்சு ஆயில் மொத்தமும் ரோட்டுல. முன்னாடி கூடுதலா ஒரு பட்டை போடுங்க, ஆக்சில் மேல முட்டாம தடுக்குற பம்ப் ஸ்டாப் (bump stop) ரப்பர சரி பண்ணுங்க.

உதறலுக்கும் இதுவே காரணமா இருக்கலாம். முன்பக்கம் உக்காந்தா, இல்ல தப்பான எடத்துல ஆப்பு வச்சு தூக்கினா கேஸ்டர், அதாவது கிங்பின் முன்பின்னா சாஞ்சிருக்கற கோணம், மாறும், இந்த ஜீப்ப வடிவமைச்ச வில்லிஸ் கம்பெனி கணக்குப்படி அது 3 டிகிரி. அத பாத்துட்டு முன் வீல் திரும்புற அச்சான கிங்பின்னோட பேரிங்க பாருங்க, வீல ஜாக்ல தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. கிங்பின்ல ஆட்டம் இருந்தா ஷிம் குறைச்சு இறுக்கணும். ஸ்டியரிங் டேம்ப்பர் போட்டு உதறல மறைக்காதீங்க, ஆட்டம் உள்ள அப்படியே தான் இருக்கும். வெள்ளத்துல நின்ன வண்டின்னா, 2024 ஃபெஞ்சல் மழையில நம்ம பக்கம் எத்தனையோ வண்டி நின்னுச்சு, முன் நக்கிள் ஆயிலையும் டிஃப்ரென்ஷியல் ஆயிலையும் திறந்து பாருங்க, மோர் கலர்ல இருந்தா தண்ணி கலந்திருக்கு.

பிரேக் பிடிக்கல

சிஜே 3பி-க்கு 9 இன்ச் டிரம் நாலு, மிதிக்கற பலத்த கூட்டுற வேக்குவம் பூஸ்டர் கிடையாது, மாஸ்டர் சிலிண்டர் ஒரே சர்க்யூட். அதுல கனமான எஞ்சின ஏத்திட்டு பிரேக்க அப்படியே விடக் கூடாது, இதுல நான் சமாதானமே சொல்ல மாட்டேன். பூஸ்டர் போட்டவங்களுக்கு பெடல் கல்லு மாதிரி இருக்குன்னா வேக்குவம் வரல. டீசல் எஞ்சின்ல பெட்ரோல் மாதிரி மேனிஃபோல்டுல வேக்குவம் கிடைக்காது, தனி பம்ப் வேணும், மஹிந்திரா டீசல்ல அது டைனமோவுக்கு பின்னாடியே வரும். எஞ்சின் வாங்கும்போது அந்த டைனமோவையே சேத்து கேட்டு வாங்குங்க. பம்ப்புக்கு ஆயில் போற லைனும் திரும்புற லைனும் மாட்டியிருக்கணும், இல்லன்னா சீக்கிரமே சிக்கிடும்.

சார்ஜ் ஏறல

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில 13.8-லேருந்து 14.4 வரைக்கும் காட்டணும். காட்டல, ஆனா ஒரு தடவ நல்லா ரேஸ் பண்ணா அப்புறம் காட்டுதுன்னா டைனமோ நல்லா தான் இருக்கு, டேஷ்போர்டுல சார்ஜ் பல்பு இல்ல. அந்த பல்பு வழியா வர்ற கரன்ட் தான் டைனமோவ எழுப்புது. பல்ப போடுங்க, எல்இடி வேணாம், சாதா பல்பு.

புகை

கறுப்புன்னா காத்து பத்தல, ஏர் கிளீனர் பைப்ப பானட்டுக்கு கீழ நுழைக்க எங்கயோ நசுக்கியிருப்பாங்க. வெள்ளையா கண்ணு எரியுற மாதிரி வந்தா பம்ப் டைமிங் ஒரு பல்லு தள்ளியிருக்கு, குறிய ஒத்துப் பாருங்க. நீலம்னா ஆயில், அது மட்டும் எஞ்சினோட சொந்தப் பிரச்சனை.

60-க்கு மேல எஞ்சின் கதறுது

கோளாறே இல்ல, கணக்கு. பழைய ஆக்சில் ரேஷியோ 5.38. 6.00-16 டயரோட சுத்தளவு சுமார் 2.25 மீட்டர். டாப் கியர் நேரடின்னா 60 கிலோமீட்டர் வேகத்துல எஞ்சின் 2,400 சுத்துல இருக்கும், 80-ல 3,200. பெட்ரோல் எஞ்சின் 4,000 வரைக்கும் போகும், அதுக்கு போட்ட ரேஷியோ இது. பழைய டீசலுக்கு 3,000-க்கு மேல சுகமில்ல. அஞ்சாவது கியர் ஓவர்டிரைவா உள்ள கியர் பாக்ஸ் போடலாம், இல்லன்னா பின்னாடி வந்த மாடல் ஆக்சில் செட்ட முன்னும் பின்னும் ஜோடியா மாத்தணும். பின்ன மட்டும் மாத்திட்டு ஃபோர் வீல் போட்டா டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும். கேப்பர் மலை செம்மண் மேட்டுலயும் கடற்கரை மணல்லயும் தான் ஓட்டப் போறீங்கன்னா மாத்தாதீங்க, அந்த 5.38 அங்க கொடுக்குற இழுவை வேற எதுலயும் வராது.

எஃப்சி-யில (தகுதிச் சான்று) திருப்பி அனுப்பிட்டாங்க

ஆர்சி புக்குல பெட்ரோல்னு இருக்கு, எஞ்சின் நம்பர் வேற, அப்புறம் எப்படி விடுவாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இதுக்குத் தான், ஆர்சி-யில உள்ள விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாது. எஞ்சின் வாங்கறதுக்கு முன்னாடியே, பிஒய்-01 வண்டின்னா பாண்டி போக்குவரத்துத் துறையில, டிஎன்-31 வண்டின்னா கடலூர் ஆர்டிஓ-வுல போயி எத அனுமதிப்பாங்க, என்ன பேப்பர் வேணும்னு கேளுங்க. எஞ்சின் விக்கறவர்கிட்ட நம்பர் போட்ட பில்லும், அந்த எஞ்சின் இருந்த வண்டியோட பேப்பர் நகலும் வாங்குங்க, அது இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவா வந்தாலும் தொடாதீங்க.

இன்னொண்ணு, 50 வருஷத்துக்கு மேல ஆன வண்டிக்கு 2021-லேருந்து விஏ-ன்னு தனி விண்டேஜ் நம்பர் குடுக்குறாங்க, ஆனா சேஸிஸ், பாடி, எஞ்சின் பெருசா மாத்தாம இருக்கணும். எஞ்சின் மாத்துன ஜீப்புக்கு அது கிடைக்காது. அதனால கழட்டுன ஹரிக்கேன் எஞ்சின, பழைய டி-90 கியர் பாக்ஸ, கார்புரேட்டர், மவுண்டிங் போல்ட்டு வரைக்கும் எதையும் காயலாங்கடைக்கு போடாதீங்க. உள்ள ஆயில் ஊத்தி, ஓட்டையெல்லாம் துணி வச்சு அடைச்சு, உப்புக் காத்து படாத மூலையில ஒரு பலகை மேல ஏத்தி வைங்க. சேஸிஸ்லயும் பழைய மவுண்டிங்க வெட்டாம, புதுசுக்கு தனி பிராக்கெட் போல்ட்ல மாட்டச் சொல்லுங்க.